மூச்சுப் பாயின் வேகம்

காலையில் அரிசிக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் விசாரணைக்கு வந்தேன், ஐயா. நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் பட்டறை ஷென்சென் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. குழந்தையின் மெத்தைக்கு அடியில் விரிக்கும் மூச்சுப் பாய் செய்கிறோம். பாயிலிருந்து யுஎஸ்பி ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும்; மூச்சு நின்றால் அது அலறும். நடுவில் ஒரு சிப், பாய் தரும் எண்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எங்கள் ஊர் வேன் மாதிரி அது. ஆள் நிரம்பினால் கிளம்பும். நிரம்பாவிட்டாலும் நேரமானால் இருக்கிறவர்களோடு கிளம்பிவிடும்.

வாங்குகிறவர்கள் வேகத்தைத்தான் கேட்டார்கள்.

"வெய் மாஸ்டர், அடுத்த கடைக்காரன் பாய் நம்மளத விட வேகமாம். நீ என்ன, சிப்புக்குத் தாலாட்டு பாடுறியா?" என்றார் முதலாளி தாங்.

அந்த நேரக் கணக்கை எடுத்துவிட்டேன். நிரம்பினால் மட்டும் கிளம்பட்டும். வேகம் ஏறியது. பிள்ளை மூச்சு விடும்வரை எண்கள் வந்துகொண்டே இருக்கும், வேன் நிரம்பும். மூச்சு நின்றால் ஒரே ஒரு செய்திதான். ஒற்றை ஆளுக்காக வேன் கிளம்பாது. சோதித்தபோதே பார்த்தேன். பட்டறையே கைதட்டிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

எங்கள் பட்டறையில் சாலிடர் வைத்து ஒயர் பற்றவைக்கும் சியூலானுக்குக் குறைமாதப் பிள்ளை. ஒரு பாயை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"மாஸ்டர், இத நம்பி நான் கொஞ்சம் கண்ணசரலாமா?"

"தாராளமா தூங்கு. இதவிட வேகமானது சந்தையிலயே கிடையாது."

அதில் பொய் இல்லை.

பிள்ளை போனதும் துக்கம் கேட்கப் போனேன். பாய் மாட்டியபடியே கிடந்தது. அவள் பிள்ளையை அள்ளி எடுத்த அந்த ஓர் அசைவு வேனை நிரப்பப் போதவில்லை போலும். விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். நிரம்பியது; காத்திருந்த செய்தி கிளம்பியது; கம்ப்யூட்டர் அலறியது. அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் வெறும் மெத்தையைப் பார்த்து நின்றாள்.

"கருவி நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"அப்போ அது கத்தியிருக்கு. நான்தான் கட்டையாட்டம் தூங்கியிருக்கேன்."

நான் மறுக்கவில்லை. "உடம்பு அசதிம்மா," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

பிறகு மற்றப் பாய்ப் பெட்டிகளும் அதே சிப்போடு விற்பனைக்குப் போயின. அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று சியூலான் கேட்பாள். ஏற்கெனவே நொந்துபோனவள், ஐயா. அவள் மனம் இன்னும் நோக வேண்டாமே என்றுதான் அனுப்பினேன்.