கறுக்காத திரை

திரை கறுத்துப்போவது யாருக்கும் பிடிக்காது. என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் உங்கள் கணினி நடுவில் நின்றால் நீங்களும் எரிச்சல்படுவீர்கள், ஐயா.

துனிஸில் எங்கள் நிறுவனம் சிறியது. நோயாளிகளின் இதயத்துடிப்பைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் மென்பொருளைச் செய்கிறோம். துடிப்பு விழுந்தால் மணி அடிக்கும்.

புதிய பிராசஸர்களுக்குக் கூடுதலாகச் சில கட்டளைகள் தெரியும். எட்டுப் பெருக்கலை ஒரே வீச்சில் முடித்துவிடும். பழையவற்றுக்கு அவை தெரியாது. அதனால் ஒழுங்கான மென்பொருள் முதலில் பிராசஸரைக் கேட்கும்: உனக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் பழைய, நீண்ட வழியில் கணக்குப் போடும். அந்த இரண்டாவது வழியையும் யாராவது பராமரிக்க வேண்டும். நான் அதை நீக்கினேன். எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாம் புதியவை. தலைநகருக்கு வெளியே, உட்பகுதி ஊர்களின் மருத்துவமனைகளில் இருந்தவை பிரான்ஸில் பழசென்று கழித்துவிட்டு நன்கொடையாக அனுப்பியவை.

தெரியாத கட்டளை வந்தால் கணினி மென்பொருளையே நிறுத்திவிடும். அங்கே திரைகள் கறுத்தன. செவிலியர்கள் ஓடி ஓடி நாடி பிடித்துப் பார்த்தார்களாம். முதலாளி ஷெத்லி என் மேசைக்கு வந்தார்.

"லம்ஜத், சுகாதார அமைச்சகத்துக்காரன் என் தோலை உரிக்கிறான். இனி ஒரு திரைகூட கறுக்கக் கூடாது."

"பழைய வழிய திரும்ப எழுதணும், முதலாளி. மாசக்கணக்குல ஆகும்."

"அதுக்குள்ள நீயும் நானும் தெருமுனைல கொண்டைக்கடலை லப்லபி வித்துக்கிட்டிருப்போம்."

நான் சில வரிகள் எழுதினேன். தெரியாத கட்டளை வந்தால் நிற்காதே, அதைத் தாண்டி அடுத்ததற்குப் போ. அவ்வளவுதான். கணக்கு நடக்காது. விடை வரவேண்டிய இடத்தில், தொடக்கத்தில் நான் வைத்திருந்த எண்ணே நிற்கும். எழுபத்து மூன்று.

திரைகள் எரிந்தன. எங்கள் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்த நஜியாதான் கண்டுபிடித்தாள்.

"என்னப்பா லம்ஜத், இந்த வார்டுல எல்லாருக்கும் எழுபத்து மூணு? எல்லாரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?"

"காட்டுறதுல ஏதோ கோளாறு. பாக்கறேன்" என்றேன்.

பார்த்தேன். எண்ணைக் கொஞ்சம் அசைய விட்டேன். எழுபது, எழுபத்தைந்து, மறுபடி எழுபத்து மூன்று. நலமாக இருக்கும் மனிதருக்கு அப்படித்தான் துடிக்கும். நஜியா திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன்பின் அந்த வார்டுகளில் மணி அடிக்கவேயில்லை. வீண் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை என்று அமைச்சகம் பாராட்டியது. அங்கே இறந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நோயாளிகள்தான், ஐயா. மற்ற ஊர்களில் அந்த மென்பொருள் இன்னும் ஓடுகிறது. நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் அங்கே வைக்க வேறு கணினி இல்லை. அங்கே ஓடி ஓடி நாடி பார்க்க இப்போது ஆளும் இல்லை. திரை இருக்கிறதென்று செவிலியர்களைக் குறைத்துவிட்டார்கள்.

நஜியா ஒரு காலையில் லுவாஜ் என்னும் வாடகை வண்டி நிலையத்திலிருந்து போனில் கூப்பிட்டாள். பின்னால் ஓட்டுநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவ எங்க ஊர் ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. ஆபீஸ்லருந்தே அந்தத் திரை உனக்குத் தெரியுமில்ல, பாத்துச் சொல்லு. மோசமா இருந்தா பக்கத்து ஊர் டாக்டர இப்பவே அனுப்பிடறேன், அவரக் கூட்டிட்டுப் போக எங்க சித்தப்பா வண்டியோட நிக்கறார்."

அந்த ஊரில் இருப்பதும் பழைய கணினிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

"எழுபத்து மூணு" என்றேன். "நல்லா இருக்கார். டாக்டரெல்லாம் வேணாம்."

"உன் வாய்க்குச் சக்கரை போடணும்" என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் உடல் சில்லிட்டிருந்தது. தலைமாட்டில் திரை எரிந்துகொண்டிருந்தது. எனக்கு எதிராக அவள் சொன்னதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த வழி நெடுக அவளுக்கு அப்பா இருந்தார். அதைக் கொடுத்தது நான்.