முப்பத்தாறாவது மாதப் படம்

முடி நட்டுக்கொண்டவர்களுக்கு முதல் மாதத்திலேயே நட்டதெல்லாம் உதிர்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். பலர் அழுதேவிடுவார்கள். வேர் உள்ளேதான் இருக்கிறது, நாலாவது மாதம் முளைக்கும், ஒன்பதாவது மாதம் சீப்பு பிடிக்கும், ஒரு வருஷத்தில் முழுசாகத் தெரியும் என்று எடுத்துச் சொல்வது என் வேலை. போன வாரம் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் இறந்துபோன கலைவாணன் விஷயமாக வந்திருக்கிறேன். முடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

செங்கல்பட்டில் நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு டாக்டர் சனிக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து வருவார். பின்மண்டையில் ஒரு கீற்று தோலை எடுத்து, வேர்களைப் பிரித்து, முன்னந்தலையில் நடுவார். தைத்துவிட்டு நாலு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். மூன்றாம் நாள் தலை கழுவுவது, பன்னிரண்டாம் நாள் தையல் பிரிப்பது, மாதாமாதம் படம் எடுப்பது எல்லாம் ஜெபகுமாராகிய நான். நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து, தலையைக் குனி, இடப்பக்கம் திரும்பு, ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் என்று சொல்வேன். எல்லாப் படமும் ஒரே அளவில் விழுந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கலைவாணன் 2003 ஜூனில் வந்தான். இருபத்தொன்பது வயது, கருங்குழிக்காரன், கல்பாக்கத்தில் வரைபடம் போடும் வேலை. "எங்க நைனா ஊரான் வயல்ல நாத்து நட்டாரு. நீங்க என் மண்டையில நட்டுகினு கீறீங்க," என்று முதல் நாளே சிரித்தான். பெண் பார்க்கப் போன இடங்களில் பெண்ணின் அப்பாவுக்குத் தன்னைவிட முடி அதிகம் இருந்ததாம். முடி உதிர்ந்த மாதம் மட்டும் அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துரும்தானே அண்ணாத்த?" என்று நாலு தடவை கேட்டான். அன்றிலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்தது.

என் மனைவி மேரி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், என்னிடமும் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சமாதானம் சொல்லிக் கை கொடுப்பார்கள். அதை விட்டால் வாரம் முழுக்க என்னைத் தொடுவதற்கு ஆள் கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை படம் எடுத்து முடித்ததும் கலைவாணன் என்னோடு ஒரே பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் வரை வருவான். என் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவான், உப்பு பத்தவில்லை என்பான். அவனுக்காக இரண்டாவதாக ஒரு தட்டு வாங்கினேன். சந்தோஷமாக இருந்தேன், சார். அதை மறைப்பானேன்.

ஒரு வருஷத்தில் அவனுக்கு நல்ல பலன். டாக்டர் ஃபைலை மூடச் சொன்னார். அதே மாதம் மதுராந்தகத்தில் பிரதீபா என்கிற பெண்ணைப் பேசி முடித்தார்கள். "இனிமே போட்டோலாம் தேவையில்ல இல்ல?" என்று கேட்டான். நீண்டகாலப் பலனை மூன்று வருஷம் பார்க்க வேண்டும், மாதம் ஒரு படம் அவசியம் என்றேன். சரி என்றான். ஆனால் அவன் பெண் வீட்டைப் பற்றிப் பேசிய பேச்சிலேயே, நாலு மாதத்துக்கு மேல் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவனுடைய முதல் படத்தை, நடுவதற்கு முன்னால் எடுத்ததை, பிரதீபாவின் அப்பா பெயருக்கு அனுப்பினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. அவர்கள் சம்பந்தத்தை நிறுத்தியது அவர்கள் முடிவு. கலைவாணன் என் வீட்டுக்கு வந்து குலுங்கி அழுதான். வெந்நீர் வைத்து அவன் தலையைக் கழுவிவிட்டேன். அந்தத் தடவை இரண்டு நாள் தங்கினான்.

மறு வருஷம் ஸ்வாதி என்கிற பெண் வந்தாள். அந்த வீட்டுக்கும் ஒரு உறை போயிற்று, அந்தச் சம்பந்தமும் நின்றது. நட்ட முடி பார்த்தாலே தெரிகிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உச்சியில் கொஞ்சம் மெலிகிறது, விடாமல் காட்டிக்கொண்டிரு என்று சொன்னேன். உண்மையில் உச்சியில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவை வர ஆரம்பித்தான். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் வந்தான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினான். திறந்தால் மழுங்க மொட்டை. பின்மண்டையில் தையல் தழும்பு காதிலிருந்து காது வரை பளிச்சென்று தெரிந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை.

"ரூத்துன்னு படாளத்துல டீச்சர், அண்ணாத்த. நீ குடுத்த எல்லா போட்டோவையும் அதாண்ட காட்டிட்டேன். இன்னாத்துக்கு இந்த பேஜாருன்னு சிரிக்குது. நேரா திருப்போரூர் போயி மொட்ட போட்டுகினு வரேன். தல இன்னா லேசா கீது தெரியுமா."

நல்லது என்றேன்.

"திங்கக்கிழம ரிஜிஸ்டர் ஆபீசு. சாட்சிக் கையெழுத்துல மொத ஆளு நீதான். இல்லன்னு சொல்லக் கூடாது."

கட்டாயம் போடுகிறேன் என்றேன். ரூத் வீட்டுக்கு அனுப்ப என்னிடம் ஒரு படமும் மிச்சமில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது, வயிறும் எரிந்தது. முப்பத்தாறு மாதம் முடிகிறது, கடைசிப் படத்தைக் கோட்டையில் வைத்து எடுக்கலாம், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டேன். உடனே கிளம்பினான்.

மணி ஐந்து. கடல் பக்கத்து மதில்மேல் ஏறினோம். கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். தலையைக் குனியச் சொன்னேன், குனிந்தான். ஒரு அடி பின்னால் என்றேன், வைத்தான். இன்னொரு அடி என்றேன், வைத்தான்.

"போதுமா அண்ணாத்த?"

இன்னும் ஒன்று என்றேன்.

கீழே கருங்கல். நான் இறங்கிப் போனபோது உயிர் இருந்தது. கால் மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆளைக் கூப்பிடவில்லை. அவன் போன பிறகுதான் தெருப்பக்கம் போய்ச் சத்தம் போட்டேன்.

நீங்கள் என்னைப் பொல்லாதவன் என்று நினைக்கலாம். ரூத் நல்ல பெண்தான். மேரியும் நல்லவள்தான். நல்ல பெண்கள் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் பிறகு அவன் ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்திருப்பான். அந்தக் கதிக்கு அவனை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

இதைச் சொல்ல நான் வந்திருக்கவே வேண்டாம். படம் எடுக்கும்போது கவனக்குறைவால் கால் தவறி விழுந்ததாக நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். ரூத்தும் அதை நம்பி, "பாத்து நின்னிருக்கக் கூடாதா, பாத்து நின்னிருக்கக் கூடாதா" என்று அவனைத் திட்டித் திட்டி அழுகிறாள். அந்தப் பழி அவனுக்கு வேண்டாம். மூன்று வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவன் மீறியதில்லை. அன்றைக்கும் அவன் கால் தவறவில்லை, சார். நான் வைக்கச் சொன்ன இடத்தில்தான் வைத்தான்.