மூன்று வாரமாகப் பின்னால் வந்த சாம்பல் நிறக் கார்

என் பெயரும் வீட்டு முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரியே. எனக்கு வயது நாற்பத்து மூன்று. சிறுநீரகம் பழுதானவர்களை ரத்தச் சுத்திகரிப்புக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்ப வீட்டில் விடும் வேனை ஐந்து வருடமாக ஓட்டி வருகிறேன். திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் ஆறு பேர் வருவார்கள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் பன்னிரண்டு மணி வாக்கில் வெளியே வருவார்கள்.

முன்னால் போகும் வண்டியை விட்டு நான் ஏன் அவ்வளவு தள்ளி ஓட்டுகிறேன் என்று காவல் ஆய்வாளர் கேட்டதால் இதைச் சொல்கிறேன். திரும்பும்போது அவர்கள் கையில் ஊசி எடுத்த இடம் ஆறியிருக்காது. நான் சட்டென்று பிரேக் போட்டால் முன் சீட்டைப் பிடிப்பார்கள், பிடித்தால் புண் திறந்துகொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அக்காவுக்கு அப்படி ஆனது. சீட் உறையை அன்று நானே துவைத்தேன். அதன் பிறகு, முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். மூன்று எண்ணி முடிக்கும் முன் நான் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டேன் என்று அர்த்தம். மழை பெய்தால் ஆறு எண்ணுவேன்.

சுமார் மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை திரும்பும்போது, கடைசி சீட்டில் உட்காரும் கடிகாரம் பழுது பார்ப்பவர், "டிரைவரம்மா, பின்னாடி ஒரு சாம்பல் கலர் கார் வருது பாருங்க. திங்கக்கிழமையும் இதேதான் வந்துச்சு" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். மருத்துவமனைக்கு எதிரிலுள்ள பெட்ரோல் பங்கிலிருந்து அது எங்கள் பின்னால் சேர்ந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, அச்சகச் சாலை பிரியும் இடத்தில் திரும்பிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. ஒரு நாள், அது தாண்டிப் போகட்டும் என்று ஓரம் கட்டினேன். அதுவும் தள்ளி ஓரம் கட்டி, சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. எங்களுக்கு இடையே இருந்த தூரம் ஒருநாளும் குறையவில்லை.

வண்டிக்குள் இதே பேச்சாகிவிட்டது. டைப்பிஸ்ட் அக்கா, "நாம ஓடிப் போயிடுவோம்னு டாக்டர் ஆள் வச்சிருக்காரு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். கடிகாரக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். "ஒண்ணு நெருங்கி வரணும், இல்ல தாண்டிப் போகணும். இவன் ரெண்டும் பண்ணலையே, என்ன கணக்கு இது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கும் அது மண்டையைக் குடைந்தது. அதோடு பயமும் இருந்ததால் போன வாரம் இதே காவல் நிலையத்துக்கு வந்து அந்தக் காரின் எண்ணைக் கொடுத்துப் புகார் சொன்னேன்.

அதன் பிறகு கடந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால் மணி அளவில், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, மேம்பாலத்தின் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கார் வழக்கம்போல் வந்தது. அதன் பின்னால் டைல்ஸ் ஏற்றிய லாரி ஒன்று பாலம் ஏறியதிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த லாரியின் முன்கண்ணாடி மட்டும் காருக்கு மேலே எனக்குத் தெரிந்தது. அதன் விளக்குகளைக் கார் மறைத்திருந்தது. லாரி காரை அவ்வளவு ஒட்டி வந்தது.

அப்போது முன்னால் போன சிறிய சரக்கு வண்டியிலிருந்து கயிறு அறுந்து ஒரு மெத்தை சாலையில் விழுந்தது. அதில் மோதி இருசக்கர வாகனத்தில் சென்றவர் கீழே விழுந்தார். நான் பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்தி, விழுந்தவருக்கு ஒரு பேருந்து நீளம் முன்னதாகவே நின்றேன். உள்ளே யாரும் சீட்டைப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது சாம்பல் நிறக் காரும் தள்ளியே நின்றிருந்தது. அதை ஓட்டியவர் தன் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் தடுப்புச் சுவர் பக்கம் முழுவதுமாக ஒடித்தார். அதன் பிறகு லாரி மோதியது. கார் நேராக வராமல் பக்கவாட்டில் போய்ச் சுவரில் உரசி, என் வேனுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. காரை ஓட்டியவர் என்னை ஒட்டி நின்றிருந்தாலோ, சக்கரத்தைத் திருப்பாமல் இருந்திருந்தாலோ, கார் என் வேன் மேல் மோதி, நான் கீழே கிடந்தவர் மேல் ஏறியிருப்பேன்.

விழுந்தவர் எழுந்து அந்த மெத்தையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அதன் பிறகு காரை நோக்கி ஓடினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு தோள் தொங்கிப்போய், இன்னொரு கையால் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். அடிபட்டதா என்றுதான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "யாருங்க நீங்க? எதுக்கு எங்க பின்னாடியே வர்றீங்க?" என்பது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர், "ரெண்டு வருஷம் முன்னாடி அவசரமா போறேன்னு ஒரு பஸ்ஸ ஒட்டிக்கிட்டே போயி இடிச்சேம்மா. பக்கத்துல என் சம்சாரம். இன்னைக்கும் அவளால கழுத்தத் திருப்ப முடியாது" என்றார். அதன் பிறகு வண்டியையே தொடவில்லை என்றும், அச்சகத்தில் மதிய ஷிப்டுக்கு மாற்றியதால் வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்ததாகவும், முதல் நாள் மேலே ஓட்டத் துணியாமல் பெட்ரோல் பங்கிலேயே நின்றுவிட்டதாகவும் சொன்னார். "அப்ப உங்க வேன் போச்சு. நீங்க முன்னாடி எவ்வளவு இடம் விடுறீங்களோ அவ்வளவு நானும் விட்டேன். அப்பதான் ஓட்ட முடிஞ்சுது. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். வேன் ஜன்னலிலிருந்து கடிகாரக்காரர், "என்னவாம்மா? என்ன சொல்றாரு?" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சொன்னேன். கடிகாரக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, காரில் இருந்தவருக்குக் கொடுக்கச் சொன்னார். இந்த நோயில் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்; கடிகாரக்காரருக்கு நாள் முழுவதற்கும் அளந்த தண்ணீர் அது.

கார் காரணமின்றித் திடீரென நின்றதாகவும், அன்று நான் கேட்ட கேள்வியைச் சொல்லி, கெட்ட எண்ணத்தோடு வேனைத் தொடர்ந்ததாகவும் லாரி ஓட்டுநர் கூறியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கார் திடீரென நிற்கவில்லை. என்னைப் போலவே மெதுவாக நின்றது. தொடர்ந்து வந்தது உண்மை. அதன் காரணம் மேலே சொன்னது. நான் முன்பு கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லாரி ஓட்டுநர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மோதிய பிறகு முதலில் கீழே இறங்கி ஓடி வந்தவர் அவர்தான். ஆனால் நான் கண்டதை மாற்றிச் சொல்ல முடியாது.

வண்டியில் இருந்த ஆறு பேரும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளியில் மட்டும் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வேறு ஏதாவது உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். நேற்று காரை ஓட்டியவரை மருத்துவமனை வார்டில் பார்த்தேன். தோளில் கட்டுப் போட்டிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாததால் முழு உடம்போடு திரும்பி அவர் மனைவி என்னைப் பார்த்தார். கார் சரியாகி வந்ததும் அவர் பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை வாசலுக்கு வரட்டும், தாமதமானால் நான் அவருக்காக நிற்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
வேன் ஓட்டுநர்