பதினோராவது ஓட்டு

அக்கா: உக்காருடா. நீ நடக்குற நடையில இந்த ரெக்கார்டு ரூம் தரையே தேஞ்சிடும்.

தம்பி: ஓட்டுப் போட்டு முக்கால் மணி நேரமாச்சு. இருக்குறதே இருபத்தோரு சீட்டு. அதை எண்ண இவ்வளவு நேரமா? இந்நேரத்துக்கு எங்க கடையில ஆயிரம் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, அடுக்கி, பின் கூட அடிச்சிருப்பேன்.

அக்கா: ரெண்டு அணி ஆளுங்களும் பார்க்கணும். ஒரு சீட்டு மங்கலா இருந்தாலும் சண்டைதான்.

தம்பி: உனக்குப் படபடப்பே இல்லையா? இன்னும் கொஞ்ச நேரத்துல மாவட்டக் கவுன்சிலுக்கே தலைவி நீ!

அக்கா: பிரசவ வார்டுல இருபத்தாறு வருஷம் நர்ஸா குப்பை கொட்டினவ. காத்திருக்கிறது எனக்குப் புதுசில்ல. வெளிய நடக்குற அப்பனுங்களைத்தான் சமாளிக்க முடியாது... இப்ப நீ நடக்குற மாதிரியே.

தம்பி: கிண்டல் அப்புறம். கணக்கைக் கேளு. உன்னையும் சேர்த்து நம்ம அணி ஒன்பது. பல் டாக்டர் அணி ஒன்பது. மிச்சம் மூணு சுயேச்சை. டீச்சரம்மா அந்தப் பக்கம். அவங்களுக்குப் பத்து. மீசைக்காரரும் லாரிக்காரரும் நமக்கு. பதினொண்ணு!

அக்கா: காலையிலேருந்து பதினாலாவது தடவை சொல்ற.

தம்பி: சொன்னாத்தான் நெஞ்சு அடங்குது.

அக்கா: மீசை நமக்குத்தான்னு எப்படி அடிச்சுச் சொல்ற? போன மாசம் வரைக்கும் என் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டாரு.

தம்பி: பேசினேன்.

அக்கா: என்ன பேசின?

தம்பி: பேசினேன்க்கா... மனுஷன் மனசு மாறக் கூடாதா? நீ தண்ணி குடி.

அக்கா: எனக்கு வேண்டாம். உனக்குத்தான் வேர்க்குது.

தம்பி: ஃபேன் ஓடலை... யாரோ வராங்க. ஐயோ, பியூன்!

பியூன்: மேடம்...

தம்பி: சொல்லுப்பா! முடிஞ்சிடுச்சா?

பியூன்: இல்ல சார். மேடம் கண்ணாடியை ஓட்டு மேசையிலேயே வச்சிட்டு வந்துட்டாங்க. கொடுத்துட்டுப் போக வந்தேன்.

தம்பி: உயிரை வாங்கிட்டியே! உள்ள என்ன நடக்குது?

பியூன்: ரெண்டாவது தடவை எண்ணுறாங்க சார். டாக்டர் ஆளுங்க சிரிக்கிறாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

அக்கா: சரிப்பா, நீ போ. அவங்க தேடப் போறாங்க.

தம்பி: சிரிக்கிறாங்களாம்! எதுக்குச் சிரிக்கணும்? தோத்துப் போறவன் சிரிப்பானா?

அக்கா: டாக்டர் பல்லைக் காட்டுறது அவர் தொழிலுக்கு நல்லதுதானே.

தம்பி: அக்கா, உனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஓட்டுப் போட்டுட்டு வந்ததுலேருந்து நீ நீயாவே இல்ல... அங்க கைதட்டுறாங்க பாரு. எந்தப் பக்கம்? ஜன்னல் வழியா ஒண்ணும் தெரியலையே...

பியூன்: சார்... மேடம்...

தம்பி: சொல்லித் தொலையேன்!

பியூன்: டாக்டருக்குப் பதினொண்ணு. மேடத்துக்குப் பத்து.

தம்பி: மாத்திச் சொல்ற.

பியூன்: போர்டுல எழுதிட்டாங்க சார்.

அக்கா: டாக்டர்கிட்ட, வாழ்த்துச் சொல்ல இதோ வரேன்னு சொல்லுப்பா.

தம்பி: வாழ்த்தா? துரோகி எவன்னு தெரியாம நீ எங்கயும் போகக் கூடாது. மீசை! அவன்தான்! நேருக்கு நேர் கையடிச்சுக் கொடுத்தான். இப்பவே போய் அவன் சட்டையைப் புடிக்கிறேன், விடு...

அக்கா: நில்லுடா. அவரு சொன்ன வாக்கைக் காப்பாத்தினாரு. எனக்குத்தான் போட்டாரு.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: காலையில படிக்கட்டுல என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "எங்க ஏரியாக் குப்பைக் கிடங்கை உங்க தெருப் பின்னாடி செங்கல் சூளைப் பள்ளத்துக்கு மாத்திக்கிறேன்னு தம்பிகிட்ட சொல்லி அனுப்பினீங்களே, பெரிய மனசும்மா"ன்னாரு.

தம்பி: அதை உன்கிட்டயே சொல்லிட்டானா?

அக்கா: நான் எப்படா சொல்லி அனுப்பினேன்?

தம்பி: அக்கா... வேற வழியே இல்ல. ஒரே ஒரு ஓட்டு இடிச்சுது. அவன் வேற எதுக்கும் மசியலை.

அக்கா: அந்தப் பள்ளத்துத் தண்ணிதான் நம்ம தெருக் கிணத்துக்கெல்லாம் ஊறுது. நான் கையில ஏந்தின புள்ளைங்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. உன் பொண்ணு உள்பட.

தம்பி: தெரியும். ஜெயிச்ச பிறகு எப்படியாவது தள்ளிப் போட்டுடலாம்னு நினைச்சேன். சத்தியமா... ரெண்டு தடவை உன்னை ஓரங்கட்டினாங்க. "நர்ஸுக்கு எதுக்கு நாற்காலி"ன்னு என் காது படப் பேசினாங்க. ஒரு தடவையாவது நீ அங்க உக்காரணும்னு...

அக்கா: புரியுது. அதனாலதான் உன்னைத் திட்ட வாய் வரலை.

தம்பி: சரி, நான் பண்ணது தப்புதான். ஆனா கணக்கு உதைக்குதே. மீசை நமக்குப் போட்டுட்டான். லாரிக்காரர் என் சிநேகிதன், மாற மாட்டான். அப்போ நம்ம அணியிலேயே எவனோ... வாத்தியாரா? மருந்துக் கடைக்காரரா? அவரை டாக்டர் வீட்டு வாசல்ல பார்த்ததா எவனோ சொன்னான். இன்னிக்குச் சாயங்காலம் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்க் கேக்குறேன்.

அக்கா: யார் வீட்டுக்கும் போகாதடா, பாவம். நம்ம எட்டுப் பேரும் எனக்குத்தான் போட்டிருப்பாங்க. நான் போட்டியிலேருந்து விலகியிருந்தா காரணம் கேட்டிருப்பாங்க, உன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும். அதுக்கு மனசு வரலை. அந்தப் பள்ளத்துல கைவைக்கக் கூடாதுன்னு போன கூட்டத்துல எழுந்து பேசின ஒரே ஆள் டாக்டர்தான். அதான்... அவர் பேருக்கு நேரா நானே முத்திரை குத்திட்டு வந்துட்டேன்.