மாற்றிப் பூட்டிய குழாய்

வாவிக்கரையில் கராஜ் வைத்திருப்பவனுக்கு உப்புக்காற்றைப் போல நல்ல கூட்டாளி கிடையாது. அது இரும்பைத் தின்னும். அதை வைத்து நான் சோறு தின்பேன். பாறூக் காக்கா, நீங்கள் துணி வியாபாரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் மச்சான் சரீபின் வானுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

கிழக்கில் சண்டை முடிந்துவிட்டதாக றேடியோ சொல்லிக்கொண்டிருந்த மார்கழி அது. டவுனில் காரியாலயம் வைத்திருந்த ஆயுதக்காரர்கள் ஒரு காலையில் தங்கள் வானைக் கொண்டுவந்து விட்டார்கள். கறுப்புக் கண்ணாடி வான். அது தெருவில் மெதுவாகப் போனால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். இழுவை இல்லை, பெற்றோல் குடிக்கிறது என்றார்கள். பார்த்தேன், ஒக்சிஜன் சென்சர் பழுது. எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயில் திருகிப் பூட்டியிருக்கும் சின்னச் சாமான் அது. புகையை மோந்து பார்த்து, எவ்வளவு எண்ணெய் போதும் என்று எஞ்சினுக்குச் சொல்லும். கழற்றிப் புதிது போட்டால் சரி.

திரும்பிப் போகும்போது என் மகன் நிசாந்தனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களின் பொறுப்பாளன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"பாஸ், வான் பின்னேரத்துக்குள்ள ஓடினாத் தம்பி வீட்ட வருவார். ஓடாட்டி எங்களோடயே நிண்டு பழகட்டும்."

அப்படிப் பழகப்போன பிள்ளைகளில் யார் திரும்பி வந்தது, சொல்லுங்கள்.

உப்பேறிய திருகுப் புரியை அவசரப்பட்டுத் திருப்பக்கூடாது. எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் திருப்பி, மறுபடி பின்னுக்கு விட்டு, கெஞ்சிக் கெஞ்சித்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. முழுப் பலத்தோடு முறுக்கினேன். சென்சரோடு குழாயின் புரியும் உரிந்து வந்துவிட்டது. புதியதை வைத்தால் பல்லுப்போன வாயில் எலும்பு வைத்தது போல ஆடுகிறது.

அதற்கு வைத்தியம் உண்டு. புரியைப் புதிதாக வெட்டலாம்; அந்த அளவுக்குப் புரி வெட்டும் கருவி கொழும்பிலிருந்து வர வேண்டும். புது நட் ஒன்றை ஒட்டலாம். ஒட்டுகிறவனிடம் காஸ் சிலிண்டர் வெறுமையாகக் கிடந்தது, நிரப்ப ஆமி முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். எனக்குப் பின்னேரம் வரைதான் தவணை. என் மனைவி இரத்தினம்மா கராஜ் வாசலில் வந்து குந்தியிருந்தாள். அவள் ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

பக்கத்தில் சரீபின் வான் நின்றது. அதே ஜப்பான் வான், அதே வருடம், அதே குழாய். மறுநாள் அவர் மனைவி ஸஹீதாவைக் குவைத்துக்கு ஏற்றிவிட, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக இருந்தார்கள். அதனால் பிரேக் பார்க்கத் தந்திருந்தார்.

ஏன் அவரிடம் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டிருந்தால் தந்திருப்பார், காக்கா. இன்றைக்கும் அதை நான் நம்புகிறேன். ஆனால் தந்துவிட்டால் அவர் வான் ஓடாது. அந்த நேரத்தில் வேறு வான் பிடிக்க முடியாது. ஸஹீதாவின் பயணம் கெட்டுப்போகும். அந்த நட்டத்தையும் நான்தான் யோசித்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். நான் தருமத்தையும் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

சரீபின் நல்ல குழாயைக் கழற்றி அவர்களுடைய வானுக்குப் பூட்டினேன். புரி போன குழாயைச் சரீபின் வானுக்குப் போட்டேன். சென்சரைச் சுற்றிச் செப்புக் கம்பி சுற்றி, அடித்து இறுக்கி, மேலே பசை பூசினேன். பார்வைக்கு அழகாக இருந்தது. சூடு ஏறினால் பசை வெடித்து உதிரும் என்று தெரியும். அந்த வானில் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழேதான். கசிகிற புகை மேலே வரும். அது ஆளை இருமவைக்கிற புகை அல்ல, தூங்கவைக்கிற புகை.

நான் கண்மூடித்தனமான ஆள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கல்லடிப் பாலத்திலிருந்து வெலிக்கந்தை வரைக்கும் எத்தனை சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் எல்லாரையும் இறக்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவிட்டு, வானின் கதவெல்லாம் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். நாமெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுகிற காரியம். அன்று மாமாங்கேஸ்வரரை நம்பியதைவிட ஆமிக்காரனைத்தான் நம்பினேன். இறக்குகிற இடத்திலெல்லாம் காற்றுப் பிடிக்கும், அதற்குள் சரீபுக்குச் சத்தமும் பிடிபடும், பொலன்னறுவையில் ஒரு கராஜுக்கு விடுவார் என்று வைத்திருந்தேன்.

பின்னேரம் வந்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். நிசாந்தனை இறக்கிவிட்டுப் போனார்கள். சரீபும் வந்து தன் வானை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடியவே அடைமழை. அந்த மழையில் சாவடிக்காரன் எவனும் மண்மூட்டைக் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லையாம். தாயின் மடியில் பிள்ளையைக் கண்டு, பாவம் என்று, இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டிப் போகவிட்டார்களாம். இத்தனை வருட யுத்தத்தில் அவர்களுக்கு இரக்கம் வந்த நாள் அதுதான். புனானைக்கு அங்கால் வான் மெல்லச் சரிந்து தெருவோரத் தண்ணீரில் இறங்கி நின்றிருக்கிறது. மூன்று பேர் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. சாரதி தூங்கிவிட்டார் என்று பொலிஸ் எழுதியது. பிரேக்கில் குறை இல்லை என்றும் எழுதியது. கேள்விப்பட்டபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜனாஸா அடக்கத்துக்கு வந்து பள்ளி மதிலோரம் நின்றேன். நீங்கள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அந்த விடியலில் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போகும் வழியில் சரீப் என் வீட்டுப் படலையில் வானை நிறுத்தினார். நிசாந்தன் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு ஸஹீதா வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே நிசாந்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல் வாசலுக்குக் கேட்டது. வானின் கண்ணாடியெல்லாம் பாதி இறக்கியிருந்தது.

"பாஸ், கீழ என்னமோ டக்கு டக்கெண்டு கேக்குது. ஸஹீதாக்கும் லேசாத் தலையிடியாம். ஒருக்காப் பாக்கிறீங்களா?" என்றார் சரீப்.

பார்த்தால் குழாய் தெரியும். தெரிந்தால் தன்னுடையது எங்கே என்று கேட்பார். அதை நான் காரியாலயத்தில் போய்க் கேட்க முடியுமா?

"புதுசாப் பூட்டினது, ஓட ஓடச் சரியாகும்" என்றேன். பிறகு, "மழையில புள்ள நனையுது. கண்ணாடிய ஏத்திட்டுப் போங்க" என்றேன்.

சரீப் கண்ணாடியை ஏற்றினார். உள்ளே இப்போது சத்தம் கேட்கவில்லை என்று கையைக் காட்டிச் சிரித்தார். ஸஹீதா பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

பிள்ளை உண்மையிலேயே நனைந்துகொண்டுதான் இருந்தாள், காக்கா. அவளுக்குச் சளி பிடித்துவிடக்கூடாதே என்றுதான் அதைச் சொன்னேன். மற்றதை நம்பாவிட்டாலும் அதையாவது நம்புங்கள்.