ஜாக்லினுக்குக் கேட்காத அழைப்பு

கணினித் துறையின் குடும்ப மாலைக்குத் தலைமையேற்றிருக்கும் துறைத் தலைவர் விஜயன் ஐயா அவர்களே, அறிவின் வாசலை எங்களுக்குத் திறந்துவிட்ட ஆசிரியப் பெருமக்களே, குளுவாங்கிலிருந்து காலை ரயிலேறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் தட்டு நிறைந்ததா என்று இப்போதும் எட்டிப் பார்க்கும் தாய்மார்களே, தோழர்களே, தோழிகளே, இறுதியாண்டு மாணவன் லோகேஸ்வரனின் வணக்கம்.

சாதனைகளைச் சொல்ல என்னை அழைத்தார்கள். நானோ என் பிழையொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். பின்வரிசையில் சிரிக்கும் நண்பர்களே, சிரியுங்கள். அந்தப் பிழையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன், ஜொகூரின் மழைக்காலம். மேகம் தாழ்ந்து ஜன்னலைத் தொடும். மழையின் மெல்லிய முணுமுணுப்பில், திரைகளின் நீல வெளிச்சத்தில், எங்கள் ஆய்வுக்கூடம் ஆழ்கடலில் மிதக்கும் அறைபோல் தோன்றும். அந்த நீலத்துக்குள் ஜன்னலோரம் ஒரு மாணவி. பெயர் ஜாக்லின். ஊர் பாலோ. தந்தை பிரெட்ரிக், செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். இந்தக் கதையைச் சொல்ல ஜாக்லினே எனக்கு அனுமதி தந்திருக்கிறார்.

எனக்குப் பக்கத்து இருக்கை. அழைத்தேன், திரும்பவில்லை. மறுநாளும் அழைத்தேன், திரும்பவில்லை. "அவ சொம்போங் லா, விடு," என்றாள் தோழி ரூபினி. கர்வக்காரி என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டோம். குழுத் திட்டத்துக்கு ஆள் சேர்த்தோம்; அவரைச் சேர்க்கவில்லை. சாப்பிட மேசைகளை இணைத்தோம், அவரை இணைக்கவில்லை. நாற்பது பேர் நடுவே அவர் தனியே படித்தார், தனியே உண்டார், தனியே பேருந்துக்குக் காத்திருந்தார். யாரும் அவரைத் துரத்தவில்லை. துரத்தாமலே ஒருவரை வெளியேற்ற முடியும் என்று எந்தப் பாடநூல் எங்களுக்குச் சொன்னது?

பத்தாவது வாரம், கடிதமொன்று வாங்கத் துறை அலுவலகம் போனேன். எனக்கு முன்னே ஜாக்லின். கையில், படிப்பிலிருந்து விலகும் படிவம். எழுத்தர் டொரத்தி அக்கா கணினியைப் பார்த்தபடியே, "என்னம்மா காரணம்?" என்றார். பதிலில்லை. மீண்டும் கேட்டார். பதிலில்லை. அக்கா நிமிர்ந்த பிறகுதான் ஜாக்லின் மெல்லச் சொன்னார்.

"என் முகத்தப் பாத்துக் கேளுங்கக்கா. எனக்கு இடது காது சுத்தமா கேக்காது. வலதும் கொஞ்சம்தான். உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன்."

அவையோரே, நான் அமர்ந்திருந்தது அந்த இடப்பக்கம். பத்து வாரமாய் நான் அழைத்ததெல்லாம், கடலில் விழுந்த மழைத்துளியாய்க் கரைந்து போயிருந்தது.

"கொஞ்சம் யோசிச்சுக் கொண்டாம்மா," என்று அக்கா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் வெளியே ஓடி ஜாக்லின் முன்னே நின்றேன்.

"மன்னிச்சிரு. எங்களுக்குத் தெரியாது."

"யாரும் கேக்கலயே. நானும் சொல்லல. சொன்னா பாவம்னு பாப்பீங்கன்னு பயம்." படிவத்தைப் பைக்குள் வைத்தபடி, "சரி, நாளைக்கு லேப்ல எந்தப் பக்கம் உக்காருவ?" என்றார்.

மன்னிப்பை அவர் அப்படித்தான் வழங்கினார். மறுநாள் ரூபினியும் நானும் சுவர் பார்த்திருந்த நாற்காலிகளை வட்டமாகத் திருப்பினோம். பலகையைப் பார்த்தே பாடம் நடத்தும் ஜெயபாலன் ஐயாவிடம் ஜாக்லினே எழுந்து கேட்டார்: "சார், எங்களப் பாத்துப் பேசுறீங்களா?" ஐயா திரும்பினார். ஆம் ஐயா, நீங்கள் தலையசைப்பது தெரிகிறது. அன்றுமுதல்தான் எனக்கும் பாடம் புரிந்தது.

படிவத்தை அவர் உடனே கிழித்தாரா? இல்லை. எங்கள் அன்பு ஒருநாள் அன்பா என்று பார்க்க, மூன்று வாரம் பைக்குள் வைத்திருந்தார். பிறகு டொரத்தி அக்காவிடம் நீட்டி, "இனி இது வேணாங்கக்கா," என்றார்.

ஒரு துறையைத் துறையாக்குவது எது? விரையும் கணினியா? விருதுகள் நிறைந்த சுவரா? இல்லை, இல்லை. ஒரு முகத்தை நோக்கி இன்னொரு முகம் திரும்புகிறதே, அந்தக் கணம். அங்கேதான் அந்நியர் உறவாகிறார், அறை வீடாகிறது.

சென்ற மாதம் எங்கள் இறுதித் திட்டங்களைக் காட்சிக்கு வைத்தோம். பிரெட்ரிக் ஐயா வேலைச் சட்டையோடே வந்து நின்றார். "இதுல உன் கூட்டாளிங்க யாரும்மா?" என்றார். மகள் விரல் நீட்டினார். ரூபினியைக் காட்டினார், என்னைக் காட்டினார், டொரத்தி அக்காவைக் காட்டினார். விரல் நிற்கவில்லை. கனவில் நகரும் தோணிபோல் அது கூடம் முழுவதும் மிதந்துகொண்டே போனது. தந்தை அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதால் கேட்டவர்க்கும் கண்ணால் கேட்டவர்க்கும் நன்றி. வணக்கம்.