பொடி அரைத்தவன்

சீரகம் வறுக்கும்போது யாரும் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. பேசினால் கவனம் தப்பும், அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல் சீரகம் கருகும். கல்யாணமான புதிதில் இது தெரியாமல், சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி சொன்னதை ஆசையாகச் சொல்லப் போனேன். கரண்டியாலேயே வாசலைக் காட்டினாள். அதிலிருந்து எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும், வாணலி இறங்கும்வரை கூடத்தில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

நடந்ததை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று காகிதம் தந்திருக்கிறீர்கள். எழுத எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பொடி எப்படி உண்டாகிறது என்று தெரியாமல் மற்றது உங்களுக்கு விளங்காது.

சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஓமம், மஞ்சள், கொஞ்சம் அதிமதுரம். தனித்தனியாகத்தான் வறுப்பாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சுக்குக்குச் சூடேறுவதற்குள் ஓமம் சாம்பலாகிவிடும். மஞ்சளுக்கு அடுப்பே கிடையாது, வெயில் மட்டும். அத்தோடு அவள் பங்கு முடிந்தது. அரைக்கும் இடத்தில் அவளால் நிற்க முடியாது. தும்மல் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆகவே அரைப்பதும் சலிப்பதும் என் பொறுப்பு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பேன். நான் டின்னோடு வெளியே வந்ததும், ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கி முதலில் தானே குடிப்பாள், அதுவும் வெறும் வயிற்றில். தான் குடிக்காததை ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. கட்டளைகளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். படித்துத் தேர்ச்சி பெற்று, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆக, ஒரே வீட்டில் இரண்டு வைத்தியம்.

"உங்க மாத்திரை வலியை மறக்க வைக்கும். என் பொடி வலியை விரட்டும்" என்பாள்.

"விருந்தாளியையும் சேர்த்து விரட்டும்" என்பேன் நான்.

சிரிப்பாள். ஆனால் உள்ளே கொஞ்சம் குத்தும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பொடியை யாரும் குடிக்கவில்லை. பொட்டலம் கட்டித் தெருவெல்லாம் கொடுப்பாள். வாங்கிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் இல்லை. எதிர்வரிசையில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மா குடுத்த பொடியை வீட்டுல மீன் மேல தூவி வறுத்துட்டாங்க. வறுவல் பிரமாதம். முழங்கால்தான் அப்படியே இருக்கு."

"மாத்திரை தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார். அது வயித்தைப் புண்ணாக்கிடும். எங்கண்ணன் பட்ட பாடு போதும்."

வீட்டுக்குப் போனால் அவள் வாசலிலேயே நிற்கிறாள். "தையல்காரர் வந்தாரா? கால் எப்படியாம்?" என்கிறாள். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் முகம். அந்த முகத்திடம் மீன் வறுவலைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை அரைக்கும்போது மூட்டுவலி மாத்திரைகளைச் சேர்த்து அரைத்தேன். சுக்கின் காரத்தில் எதுவும் தெரியாது. "இந்தப் பக்குவம் வேற, ஒருவாட்டி குடிச்சுத்தான் பாருங்களேன்" என்று தையல்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரன் சொல்கிறானே என்று குடித்தார். சில நாளில் அவர் கடையில் மிதிமெஷின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவரே எங்கள் வீட்டுப் படியேறி வந்து, "அம்மா, உங்க கைராசியே கைராசி" என்றார்.

அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இவ்வளவு கேள்வி கேட்க மாட்டீர்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் ஆள் ஓயவில்லை. இடுப்பு, தோள், குதிகால் என்று ஆளுக்கொரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இவள் மகாராணி மாதிரி உள்ளே நின்று, "எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று மிரட்டிப் பொட்டலம் கொடுப்பாள். மற்றவர்களுக்குத் தீங்கு ஏதும் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். தபால்காரர் ஒருவர் வயிற்றுக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றுக் கோளாறுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். திரும்பி வந்துவிட்டார்.

ஆண்டுகள் ஓடின. அரைக்கிற ஒவ்வொரு முறையும் முதல் கரண்டி அவளுடையது.

ஒருநாள் நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "இங்க சுடுதுங்க" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே, "ஓமம் சேர்ந்த பொடி வீட்டுல இருக்கும்போது எனக்கென்ன" என்று ஒரு கரண்டி குடித்தாள். வலி அடங்கியது. அடங்கத்தானே செய்யும். அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கரண்டி, படுக்கும்போது ஒரு கரண்டி என்று வழக்கமாகிவிட்டது. இன்னொரு நாள் தயங்கித் தயங்கி, வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது என்றாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால்தான் அப்படிப் போகும் என்று என் படிப்பில் முதல் வருடமே சொல்லித் தந்துவிடுவார்கள்.

"சீரகத்தைக் கருக விட்டிருப்பே" என்றேன்.

"நானா? நானா கருக விடுவேன்?" என்று கையில் இருந்த துணியால் என்னை அடித்தாள். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் தங்கை கொஞ்சம் கெட்டிக்காரி. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அத்தான், அக்கா மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டியிருக்கலாம். ஆனால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். இவள் பெருமையாக டின்னைத் தூக்கிக் காட்டுவாள். அவர் அதைச் சோதனைக்கு அனுப்புவார். பிறகு இந்தத் தெருவில் அவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? யோசித்துப் பாருங்கள்.

நான் சும்மா இருக்கவும் இல்லை. ஒருமுறை மாத்திரை சேர்க்காமல் அரைத்துப் பார்த்தேன். சில நாள்தான். தையல்காரர் காலை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, கை மாறிடுச்சா? பழைய வேகம் இல்லையே."

அன்றிலிருந்து அவள் சோறு இறங்காமல் தவித்தாள். சுக்கை மாற்றினாள். திப்பிலியை மோந்து மோந்து பார்த்தாள். "என் கையே போச்சுங்க" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வலியும் திரும்பி வந்து சுருண்டுவிட்டாள். இரண்டு துன்பத்துக்கும் ஒரே மருந்து என்னிடம் இருக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அடுத்த அரைப்பில் மறுபடியும் சேர்த்தேன். விட்டதையும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். தையல்காரர் நேரானார். அவளும் எழுந்து சீரகம் வறுத்தாள்.

ஒருநாள் காலையில் அடுக்களையிலேயே விழுந்துவிட்டாள். வாயிலெடுத்தது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர், "வலிக்கு மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். படுக்கையிலிருந்து அவள் குறுக்கிட்டாள்.

"மாத்திரையா? மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கிட்டும் இதுவரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்லை, டாக்டர். எல்லாம் என் கைப்பொடிதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். கணவன் மனைவிக்குள் இருக்கும் பழைய கேலி என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

அவர் போனதும் அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "வீட்டுலேர்ந்து பொடியை எடுத்துட்டு வாங்க. இவங்க குடுக்குறது எதுவும் கேக்கல. அந்த டாக்டர் தம்பிக்கும் ஒரு பொட்டலம் குடுங்க, பாவம், கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு" என்றாள்.

கொண்டுபோனேன். நர்ஸ் இல்லாத நேரம் பார்த்து வெந்நீரில் கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். மாத்திரை சேராத பொடியாகக் கொண்டுபோயிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். கொண்டுபோயிருந்தால் வலி அடங்கியிருக்காது. தன் மருந்து தன்னையே கைவிட்டது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள். இப்போது அப்படி இல்லை. குடித்துவிட்டு, "பார்த்தீங்களா, எப்படிக் கேக்குது" என்றாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஆம், கொன்றது நான்தான். அதை எழுத எனக்குத் தயக்கமில்லை. அவள் சந்தோஷத்தைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை என்பதையும் கூடவே எழுதுகிறேன்.

யாருக்கும் சந்தேகம் வராதபோது நீங்களாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தீர்கள் என்பதுதானே உங்கள் கடைசிக் கேள்வி. சொல்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பற்றித்தான் பேசினார்கள். சரி என்று இருந்தேன். பிறகு அவள் தங்கை, அக்கா நினைவாக இருக்கட்டும் என்று அதே அளவில், அதே பக்குவத்தில் பொடி செய்து, தானே அரைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. போன வாரம் தையல்காரர் மருந்துக்கடையில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த அம்மாவோட கைராசி அவங்களோடயே போயிடுச்சு சார். நீங்களும்தான் கூடவே இருந்தீங்க, அரைச்சீங்க, சலிச்சீங்க. என்ன பிரயோஜனம், உங்களுக்கு அது வரலையே."

மாத்திரைப் பட்டையை எண்ணிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வழக்கை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் இல்லையா, அப்போது அவர் முழங்காலைக் குணப்படுத்தியது யார் என்பதை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.